போதும் என்று சொல்லும் இடம்

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது முன்னோர் சொல். ஆனால் புகைப்பழக்கம் எவருக்கும் தொட்டிலில் தொடங்குவதில்லை. பதினைந்து, பதினெட்டு வயதில், பெரும்பாலும் ஒரு நண்பன் நீட்டும் கையிலிருந்து முதல் சிகரெட் வந்து சேருகிறது. அது இனிப்பதும் இல்லை. இருமல், தலைச்சுற்றல், குமட்டல் இவையே அது தரும் பரிசு. அப்படியிருந்தும் ஒருவர் அதோடு நிறுத்திக்கொள்கிறார். இன்னொருவர் முப்பது ஆண்டுகள் விடாமல் பிடிக்கிறார். இருவரும் ஒரே வீட்டில் ஒரே தாய் கையால் உண்டு வளர்ந்தவர்களாகக்கூட இருக்கலாம். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வி எங்களுக்குப் பாடப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. எங்கள் தாத்தா சுருட்டுப் பிடித்தவர். அப்பா சிகரெட் பிடிக்கிறார். தம்பிக்கு வயது பதினொன்று. கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த அத்தை அவன் கன்னத்தைத் தட்டி, "இவனும் இன்னும் அஞ்சாறு வருஷத்துல ஊதத்தான் போறான். ரத்தத்துலயே இருக்கே, என்ன செய்ய?" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தாத்தாவின் கடைசி இரண்டு வருடங்களில், இரவெல்லாம் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு விழித்திருந்தவர் அம்மாதான்.

"நாங்கள்" என்று எழுதுவது பெருமைக்காக அல்ல. நாங்கள் இரட்டையர். எழுதும் கை ஒன்று. யோசித்த தலை இரண்டு. நரம்பு மண்டலம் ஒரு பாடமாகவும், மரபியல் ஒரு பாடமாகவும், புகையிலையின் தீமை வேறொரு பாடமாகவும் இவ்வாண்டு தனித்தனியே படித்தோம். மூன்றும் ஒரே வீட்டில் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதைப் பாடப் புத்தகம் சொல்லவில்லை. விஞ்ஞானப் பாடம் எடுக்கும் சிஸ்டர் எங்களுக்கு வழிகாட்டினார். படித்ததைத் தோழியருக்கும் சொல்லலாம் என்று துணிந்தோம்.

அசிட்டைல்கோலின் என்ற பெயர் பத்தாம் வகுப்பு மாணவியர் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு நரம்பின் நுனியிலிருந்து அப்பால் செய்தி கொண்டு செல்லும் வேதிப்பொருள் அது. இப்படி ஒரு தூதுப் பொருள் உண்டு என்பதை நிரூபித்தவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பேராசிரியராக இருந்த ஆட்டோ லோவி. அந்தச் சோதனை அவருக்குக் கனவில் தோன்றியதாம். விழித்து ஒரு துண்டுத்தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கினார். காலையில் பார்த்தால் தம் கையெழுத்து தமக்கே புரியவில்லை! மறுநாள் இரவு அதே யோசனை திரும்ப வந்தபோது, இனித் தாளை நம்பிப் பயனில்லை என்று எழுந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். இது உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி நடந்தது என்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். துடித்துக்கொண்டிருந்த இரண்டு தவளை இதயங்களில் ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணித்தார். அந்த இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் இட்டார். எந்த நரம்பும் தூண்டப்படாமலேயே அதுவும் தணிந்தது. 1921-ல் இதை வெளியிட்டார். 1936-ல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு பெற்றார். எங்களுக்கும் கனவுகள் வருவதுண்டு. பெரும்பாலும் கணக்குப் பரீட்சைக்குப் பேனா இல்லாமல் போவது போன்ற கனவுகள்தாம்.

தூது போகிறவர் இருந்தால் கதவைத் திறக்கிறவரும் இருக்க வேண்டும் அல்லவா? அவருக்கு இன்று "ஏற்பி" என்று பெயர். வியப்பு என்னவென்றால், ஏற்பி என்ற எண்ணமே நிக்கோட்டினிலிருந்து பிறந்தது. 1905-ல், கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி என்பவர் கோழியின் தசையில் நிக்கோட்டினைச் செலுத்தினார், தசை சுருங்கியது. தென்னமெரிக்கப் பழங்குடி மக்கள் அம்பு நுனியில் தடவும் க்யூராரே என்னும் நஞ்சைக் கொடுத்ததும் அந்தச் சுருக்கம் அடங்கிவிட்டது. இரண்டும் தசையில் உள்ள ஏதோ ஒரு பொருளின் மேல் உட்காரத்தான் போட்டியிடுகின்றன என்று லாங்லி முடிவு கட்டினார். ஏற்பியை எவரும் கண்ணால் காணாத காலம் அது.

பூட்டும் சாவியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு அசிட்டைல்கோலினுக்காகச் செய்யப்பட்டது. நிக்கோட்டின் அதற்குள் நுழையும் கள்ளச்சாவி. உண்மையான சாவியை, வேலை முடிந்த நொடியிலேயே ஒரு நொதி சிதைத்து அப்புறப்படுத்திவிடும். கள்ளச்சாவியை அந்த நொதியால் ஒன்றும் செய்ய முடியாது. புகையை உள்ளே இழுத்த பத்து, இருபது நொடிகளுக்குள் நிக்கோட்டின் மூளையை அடைந்து பூட்டுகளைத் திறக்கிறது. அதன் பயனாக டோபமின் என்னும் வேறொரு பொருள் சுரக்கிறது. "இது நன்று, இதை நினைவில் வை, திரும்பவும் செய்" என்று மூளைக்குக் கற்பிப்பது இந்த டோபமின்தான். ஊசி மருந்துகூட இவ்வளவு விரைவாக மூளைக்குப் போவது அரிது.

இந்தப் பூட்டு ஒரே துண்டாலானது அன்று. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடி நடுவில் ஒரு துளையை உண்டாக்குகின்றன. தாவரவியல் செய்முறை வகுப்பில் பிய்த்துப் பார்த்தோமே, அந்தச் செம்பருத்தியின் ஐந்து இதழ்களை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த இதழ் எந்த இதழோடு சேருகிறதோ அதைப் பொறுத்துப் பூட்டின் குணம் மாறுகிறது. ஒவ்வொரு இதழையும் செய்வதற்குத் தனித்தனி மரபணு இருக்கிறது. பல வருடம் புகைத்து இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, புகைக்காதவர்களுடையதைவிட அதிகமான பூட்டுகள் அங்கே இருந்தன. கள்ளச்சாவி வந்துகொண்டே இருப்பதால் மூளையும் பூட்டுகளைக் கூட்டிக்கொண்டே போகிறது. சாவி வராத நாளில் அத்தனை பூட்டுகளும் வெறுமையாக நின்றால் அந்த வீட்டில் அமைதி ஏது?

எங்கள் வீட்டில் அமைதி இல்லாத வாரம் ஒன்று வருடந்தோறும் உண்டு. அப்பா ஒவ்வொரு தவக்காலத்திலும் சிகரெட்டை விட்டுவிடுவார். திருநீற்றுப் புதன் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வந்ததும் மீதமுள்ள பெட்டியைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுவார். முதல் வாரம் எவரும் அவர் எதிரில் போவதில்லை. சாம்பாரில் உப்பு சரியாக இருந்தாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். இரண்டாம் வாரம் ராத்திரி எழுந்து நடமாடுவது நிற்கும். குருத்து ஞாயிறு வருவதற்குள் குளிக்கும்போது பாட்டுக்கூட வரும். உயிர்ப்பு ஞாயிறு மதியம், விருந்துக்கு வந்த பழைய நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போவார். கீழே இறங்கி வரும்போது அந்த வாசம் கூடவே இறங்கி வரும்.

"மனசுல உறுதி இல்ல" என்பது அத்தையின் தீர்ப்பு. நாற்பது நாள் விரதம் காத்தவரை உறுதி இல்லாதவர் என்று சொல்வது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. விஞ்ஞானமும் அத்தையின் பக்கம் இல்லை. புகையை நிறுத்திய சில வாரங்களில் அதிகப்படியான பூட்டுகள் மெல்லக் குறைந்து இயல்பு நிலைக்குத் திரும்புகின்றன என்று மூளையைப் படமெடுத்துப் பார்த்தவர்கள் கூறுகிறார்கள். அப்படியானால் உயிர்ப்பு ஞாயிறன்று அப்பாவை மாடிக்கு இழுப்பது வெறும் பூட்டுகளின் பசி மட்டும் அல்ல. விருந்து, மாடி, நண்பர், தீக்குச்சி உரசும் ஓசை என்று டோபமின் வருடக்கணக்காகக் கோத்து வைத்த மாலை அது. ஒரு மணியைத் தொட்டால் மற்ற மணிகளும் அசைகின்றன.

இனி மரபணுவுக்கு வருவோம். 2008-ஆம் ஆண்டு ஐஸ்லாந்து, பிரான்சு, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து மூன்று ஆராய்ச்சிக் குழுக்கள், ஒன்றையொன்று கேளாமல், ஏறக்குறைய ஒரே சமயத்தில் மனிதனின் 15-ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டின. அங்கே அடுத்தடுத்து இருப்பவை நிக்கோட்டின் ஏற்பியின் மூன்று இதழ்களைச் செய்யும் மரபணுக்கள். அவற்றுள் ஒன்று "ஆல்ஃபா 5" என்னும் இதழைச் செய்கிறது. அந்த மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினால், புரதச் சங்கிலியின் 398-ஆம் மணியாக ஆஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதில் ஆஸ்பராஜின் வந்து உட்காருகிறது. ஐரோப்பியரிடையே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிரதிகளில் இந்த மாற்றம் காணப்படுகிறது. புகைப்பவரிடம் மாறிய எழுத்து ஒன்று இருந்தால் நாளொன்றுக்குச் சுமார் ஒரு சிகரெட் கூடுகிறது. தாய் வழியும் தந்தை வழியும் இரண்டு இருந்தால் இரண்டு. அவ்வளவுதானா என்று தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த ஒரு எழுத்து என்ன செய்கிறது என்பதுதான் கதையின் உயிர்நாடி.

2011-ல், அமெரிக்காவில் பால் கென்னி என்ற ஆராய்ச்சியாளரின் குழு ஆல்ஃபா 5 இதழே இல்லாத சுண்டெலிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தது. ஒரு நெம்பியை அழுத்தினால் சிறிது நிக்கோட்டின் கிடைக்கும். சாதாரண எலிகள் ஓரளவுக்கு அழுத்தின. நிக்கோட்டினின் அளவைக் கூட்டிக்கொண்டே போனபோது அவை அழுத்துவதைக் குறைத்துக்கொண்டன. அது அவற்றுக்குக் கசந்துவிட்டது. ஆல்ஃபா 5 இல்லாத எலிகளோ அளவு கூடியும் நிறுத்தாமல் அழுத்திக்கொண்டே இருந்தன. மூளையின் நடுப்பகுதியில் ஹபெனுலா என்ற மிகச் சிறிய இடம் ஒன்று உண்டு. அளவு மீறிய நிக்கோட்டினைக் கண்டு "போதும், இனி வேண்டாம்" என்று குரல் கொடுப்பது அங்கிருந்து புறப்படும் பாதைதான். அந்த எலிகளின் ஹபெனுலாவில் ஆல்ஃபா 5-ஐத் திரும்ப உண்டாக்கியபோது, அவையும் அளவோடு நிறுத்தத் தொடங்கின.

புகைப்பவரைப் பற்றி உலகம் சொல்வது என்ன? ஆசை அதிகம், அடங்காத நாக்கு, சுகத்தைத் தேடும் சுபாவம் என்பதே. இந்தச் சோதனை சொல்வதோ முற்றிலும் வேறு. இங்கே ஆசையின் குரல் உயரவில்லை. போதும் என்ற குரல் தாழ்ந்திருக்கிறது. அப்பாவிடம் ஒருநாள், "முதல் சிகரெட் எப்படி இருந்ததுப்பா?" என்று கேட்டோம். அவர் சற்று யோசித்து, "கொஞ்சம் தலை சுத்துச்சு. வேற ஒண்ணும் பெருசா இல்லம்மா" என்றார். அப்பாவின் தம்பியான எங்கள் சித்தப்பாவும் அதே வயதில் ஒன்றைப் பிடித்துப் பார்த்தாராம். கொல்லைப்புறத்தில் வாந்தி எடுத்து, மறுநாள்வரை சோறு இறங்காமல் கிடந்து, அதன்பின் ஒரு சிகரெட்டையும் தொடவில்லை. ஊரார் சித்தப்பாவை ஒழுக்கமுள்ளவர் என்று புகழ்கிறார்கள். அவர் நல்லவர்தான், ஆனால் அந்தப் புகழில் ஒரு பங்கு அவருடைய ஹபெனுலாவுக்கும் சேர வேண்டியதோ என்று எங்களுக்கு ஒரு சந்தேகம். இருவரின் மரபணுவையும் எவரும் சோதித்ததில்லை. எலியைக் கொண்டு சித்தப்பாவை அளந்துவிடவும் முடியாது. சந்தேகத்தைச் சந்தேகமாகவே எழுதி வைக்கிறோம்.

மரபியலின் தந்தை கிரிகர் மெண்டல் அகுஸ்தீன் சபைத் துறவி என்பதில் நம் பள்ளியில் எல்லோருக்கும் ஒரு சொந்தப் பெருமை உண்டு. அவருடைய பட்டாணிச் செடியில் நெட்டை, குட்டை என்று கணக்கு அழகாகப் பிரிந்துவிட்டது. புகைப்பழக்கம் பட்டாணி அன்று. 2019-ல் சுமார் 12 லட்சம் மக்களின் மரபணுத் தகவல்களை ஒருங்கே வைத்து ஆராய்ந்தபோது, புகைப்பதோடும் மது அருந்துவதோடும் தொடர்புடைய மாற்றங்கள் 566 கிடைத்தன. ஒவ்வொன்றும் தம்பங்குக்குக் கடுகளவு இழுக்கிறது. 15-ஆம் குரோமோசோமின் எழுத்து அவற்றில் ஒரு பெரிய கடுகு, அவ்வளவே.

போதும் என்று சொல்லும் குரலைப் பற்றிப் பேசும்போது அவசர புத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நினைத்தவுடன் செய்துவிடுவதும், காத்திருக்க முடியாமையும் புகைப்பழக்கத்தோடு கைகோத்துத் திரிபவை. இதற்கு எங்களைவிட நல்ல உதாரணம் கிடையாது. நாங்கள் ஒரே அச்சில் வார்த்த இரட்டையர் அல்லர். தனித்தனிக் கருமுட்டையிலிருந்து உண்டானவர்கள். ஆகவே மற்ற அக்காள் தங்கையரைப் போல மரபணுவில் சராசரியாகப் பாதிதான் எங்களுக்குப் பொது. எங்களில் ஒருத்தி வினாத்தாள் கைக்கு வந்ததும் எழுதத் தொடங்கி, ஐந்தில் நான்குக்கு விடையளிக்க என்றால் ஐந்துக்கும் எழுதிவிட்டு வருவாள். மற்றவள் கடைசி வினாவரை படித்து முடித்து, பெருமூச்சு விட்டு, பேனா மூடியைக் கழற்றுவதற்குள் கால் மணி நேரம் ஆகியிருக்கும். எவள் எவள் என்று இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் வகுப்பு ஆசிரியைக்குத் தெரிந்தால் போதும்.

இந்த அவசரத்துக்கும் ஒரு மரபணுவைக் கண்டுவிட்டதாக 1996-ல் பெரும் ஆரவாரம் எழுந்தது. டோபமின் ஏற்பிகளில் நான்காவது வகையைச் செய்யும் மரபணுவில் ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும். அது சிலருக்கு நான்கு முறை, சிலருக்கு ஏழு முறை. நீண்ட பிரதியை உடையவர்கள் புதுமையைத் தேடி ஓடுகிறவர்கள் என்று இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் எழுதின. அதன்பின் மற்றவர்கள் சோதித்தபோது சிலருக்கு அது தெரிந்தது, பலருக்குத் தெரியவில்லை. சில நூறு பேரை மட்டும் வைத்துக்கொண்டு குணத்துக்கு மரபணு தேடினால் இப்படித்தான் ஆகும் என்பதை விஞ்ஞானிகள் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். பிற்பாடு பெருந்திரளான மக்களிடம் தேடியபோது, அவசர புத்தியோடு தொடர்பு காட்டிய மரபணுக்களில் ஒன்று ஏற்பியையே சேர்ந்ததன்று. செல்கள் ஒன்றையொன்று பற்றி நிற்க உதவும் ஒரு புரதத்தைச் செய்வது அது.

காத்திருக்கும் குணத்தை அளக்க ஒரு எளிய வழி உண்டு. இன்று கொஞ்சம் பணமா, சில நாள் கழித்து அதிகப் பணமா என்று கேட்பார்கள். 1999-ல் அமெரிக்காவில் வாரன் பிக்கெல் என்பவரும் அவருடைய துணைவர்களும் இப்படிக் கேட்டபோது, புகைப்பவர்கள் மற்றவரைவிட இன்றைய சிறு தொகையையே நாடினார்கள். ஆனால் புகைத்து விட்டுவிட்டவர்களின் விடை, என்றுமே புகைக்காதவர்களின் விடையைப் போலவே இருந்தது. அவசரத்தினால் புகை வந்ததா, புகையினால் அவசரம் வந்ததா என்பது இன்னும் முழுதாக அவிழாத முடிச்சு.

நாங்கள் இதே கேள்வியை அம்மாவிடம் போட்டோம். "இன்னைக்கு நூறு ரூபாயா, அடுத்த மாசம் நூத்தைம்பதா?" அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே, "முதல்ல அந்த நூறக் கொடுங்கடி. அடுத்த மாசம் நீங்க தருவீங்கன்னு யாரு கண்டா?" என்றார். வீட்டிலேயே அதிகப் பொறுமை உள்ளவர் சோதனையில் தோற்றுவிட்டார் என்று சிரித்தோம். ஆனால் அம்மா சொன்னதையே 2013-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் செலஸ்ட் கிட் என்பவரின் குழு சோதித்துக் காட்டியிருக்கிறது. 28 குழந்தைகள். ஒவ்வொருவர் முன்னும் பஞ்சு போன்ற ஒரு மிட்டாய். பெரியவர் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இன்னொன்று. இதற்குச் சற்று முன்பு, பாதிக் குழந்தைகளிடம் நல்ல வண்ணப் பென்சில்கள் தருவதாகச் சொல்லி ஏமாற்றியிருந்தார்கள். மற்றப் பாதியிடம் சொன்னபடி கொடுத்திருந்தார்கள். வாக்குத் தவறாதவரை நம்பிய குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாந்தவை 3 நிமிடம்தான். பொறுமை மூளைக்குள் மட்டும் இருப்பதன்று. எதிரில் நிற்பவரின் வாக்கிலும் இருக்கிறது.

இப்போது அத்தையின் "ரத்தத்தை" நேருக்கு நேர் பார்ப்போம். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரையும் எங்களைப் போன்ற இரட்டையரையும் ஒப்பிட்டால், முன்னவர் புகைப்பழக்கத்தில் அதிகமாக ஒத்துப்போகிறார்கள். அதிலிருந்து கணக்கிட்டு, நிக்கோட்டினுக்கு அடிமையாவதில் மக்களிடையே காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபணுவால் வருவது என்கிறார்கள். இந்த இரட்டையர் கணக்கை முதலில் கையில் எடுத்தவர்களில் ஒருவர் ரொனால்டு ஃபிஷர், புள்ளியியலில் இருபதாம் நூற்றாண்டின் பேரறிஞர். 1950-ல் ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை லண்டன் மருத்துவமனைகளில் கண்டு எழுதினார்கள். ஃபிஷர் அதை ஏற்கவில்லை. 1958-ல் இரட்டையர் கணக்கைக் காட்டி, புகைக்கத் தூண்டும் மரபணுவே புற்றுநோயையும் உண்டாக்கலாமே, பாவம், சிகரெட்டை ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள் என்ற பொருள்பட வாதாடினார். அவர் தாமே புகைக்குழாய் பிடித்தவர். புகையிலைத் தயாரிப்பாளர் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தவர். அறிவில் அவ்வளவு பெரியவர் இப்படிப் பேசினாரே என்று எங்களுக்கு இன்றும் ஆறவில்லை.

ஐம்பது வருடம் கழித்து, 2008-ல், அந்த 15-ஆம் குரோமோசோமின் எழுத்து நுரையீரல் புற்றுநோய்க்கும் காரணமாகத் தெரிந்தபோது, ஃபிஷர் சொன்னது பலித்துவிட்டதோ என்று ஒரு கணம் தோன்றும். ஆனால் உற்றுப் பார்த்தால் வேறு தெரிகிறது. அந்த எழுத்தை உடையவர் அதிகமாகவும் ஆழமாகவும் புகையை இழுக்கிறார். நோய் பெரும்பாலும் அந்த வழியாகவே வருகிறது. என்றுமே புகைக்காதவரிடம் அதே எழுத்து இருந்தாலும் நுரையீரல் புற்றுநோய் விஷயத்தில் அது வாய் திறப்பதில்லை. சிகரெட் வந்து தட்டினால்தான் அந்த எழுத்துக்குப் பேச்சு வரும்.

அத்தை மறந்த இன்னொன்றும் இருக்கிறது. 15-ஆம் குரோமோசோம் ஆண் பிள்ளைக்கு மட்டும் போவதில்லை. தாத்தாவிடமிருந்து அது அப்பாவுக்கு வந்ததுபோலவே அத்தைக்கும் வந்திருக்கலாம். தம்பிக்கு வரும் அதே வாய்ப்பு எங்களுக்கும் உண்டு. 2016-17-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்த ஆண்களில் நூற்றுக்கு 19 பேர் புகைத்தார்கள். பெண்களில் நூற்றுக்கு இருவர்தாம். இருசாராருக்கும் மரபணு ஒன்றே. பெண்ணுக்கு ஹபெனுலா பெரிதென்று எவரும் சொல்லவில்லை. பெண் கையில் எவரும் சிகரெட்டை நீட்டுவதில்லை, அதுதான் வேறுபாடு. இதை அத்தையிடம் தொலைபேசியில் சொன்னபோது, "அப்போ என் ரத்தத்துலயும் இருக்குங்கறியா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேச்சை மாற்றி, தம்பி ஒழுங்காகப் படிக்கிறானா என்று விசாரித்தார்.

பூட்டைப் பற்றித் தெரிந்ததால் கிடைத்த ஒரு நன்மையையும் சொல்லிவிடுகிறோம். லபர்னம் என்ற மஞ்சள் பூ மரத்தின் விதையில் சைட்டிசின் என்னும் பொருள் உண்டு. அது அதே பூட்டுக்குள் நுழைந்து அரைகுறையாகத் திறக்கும். நிக்கோட்டினை உள்ளே விடாமல் இடத்தையும் அடைத்துக்கொள்ளும். பல்கேரியாவில் 1960-களிலிருந்தே புகையை விடுவதற்கு அதை மாத்திரையாகக் கொடுத்து வந்தார்கள். அதன் சாயலில் செய்த வேறொரு மருந்துக்கு 2006-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. மரபணு என்பது தலையெழுத்தாக இருந்தால் மாத்திரைக்கு இங்கே என்ன வேலை?

ஃபிஷரோடு வாதாடிய அதே ரிச்சர்டு டால், ஆங்கில மருத்துவர்களைத் தொடர்ந்து ஐம்பது ஆண்டுகள் கவனித்து 2004-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். வாழ்நாள் முழுவதும் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாக இறந்துபோனார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் 3 வருடம் திரும்பக் கிடைத்தது. 50-ல் விட்டவர்களுக்கு 6. 40-ல் விட்டவர்களுக்கு 9. 30-ல் விட்டவர்களுக்கு ஏறக்குறைய பத்தும். இந்த நான்கு வரியையும் ஒரு தாளில் எழுதினோம். கீழே, சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும் எழுதி, அப்பாவின் தீப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டோம். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் பார்த்தபோது தாள் அங்கேயே இருந்தது. 50 என்ற வரிக்கும் 40 என்ற வரிக்கும் நடுவில், அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில், பென்சிலால், "46-க்கு?" என்று இருந்தது.

நேர் விகிதத்தில் போட்டுப் பார்த்தோம். ஏழு வருடமும் இரண்டு மாதமும் சொச்சமும் வந்தது. சொச்சத்தைத் தள்ளாமல் அப்படியே எழுதி வைத்திருக்கிறோம்.